உருகும் குச்சியும் உருகாத ஊசியும்

வெல்டிங் எந்திரம் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. அதன் வடிவத்தை மாற்றுகிறது. சுவரிலிருந்து 230 வோல்ட்டில் பத்துப் பதினைந்து ஆம்பியராக உள்ளே போகும் மின்சாரம், இருபது முப்பது வோல்ட்டில் நூறு ஆம்பியராக வெளியே வருகிறது. அழுத்தம் குறைந்து ஓட்டம் பெருகிய அந்த மின்சாரம் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பாயும்போது வில் எழுகிறது. எஃகு உருக ஏறத்தாழ 1500 பாகை செல்சியஸ் போதும். வில்லின் வெப்பம் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

இந்த வில்லை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். குச்சி வெல்டிங்கில் வில்லைத் தாங்கும் குச்சியே உருகி இணைப்பில் இறங்கும். டிக் வெல்டிங்கில் வில்லைத் தாங்குவது டங்ஸ்டன் ஊசி. அது உருகாது, நிரப்பும் கம்பியை மறு கையால் தனியே ஊட்ட வேண்டும். பட்டறைகளில் இதையே ஆர்கன் வெல்டிங் என்பார்கள். இன்றைய இன்வெர்ட்டர் எந்திரங்களில் பெரும்பாலானவை ஒரே பெட்டிக்குள் இரண்டையும் தருகின்றன. வயரை எந்த முனையில் செருகுவது, வாயு வேண்டுமா, ஒரு கை போதுமா, துரு இருந்தால் பரவாயில்லையா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த ஒற்றை வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது: ஒன்றில் முனை உருக வேண்டும், மற்றதில் உருகக் கூடாது.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்குத் தென்மேற்கே உள்ள செண்டாயானில் இரண்டுக்கும் வேலை உண்டு. பால்மரமும் செம்பனையும் நின்ற பகுதியில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புறநகர் எழுந்திருக்கிறது. அதை ஒட்டிய செண்டாயான் டெக்வேலி தொழிற்பேட்டையில் ஹினோ லாரிகள் உருவாகின்றன, பெரோடுவா கார்களுக்கான எஞ்சின்கள் தயாராகின்றன, விமானங்களுக்கான கார்பன் பிரேக்குகளை சாஃப்ரான் நிறுவனம் செய்கிறது. சுற்றிலும் ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கங்களில் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. தோட்டத்துப் பட்டறைக்கு வருவது டிராக்டர் இழுவையின் உடைந்த கொக்கி, தள்ளுவண்டியின் கால், செம்பனைக் குலை ஏற்றும் தொட்டியின் கிழிந்த விளிம்பு. அத்தனையும் கனத்த, துருவேறிய இரும்பு. குச்சிக்கு உரிய வேலை. தாமான் குடியிருப்பு வீடுகளின் மினுமினுக்கும் எஃகுக் கதவு, கோயில் கைப்பிடிக் கிராதி, தைப்பூசத்துக்குத் தோளில் ஏறும் எடை குறைந்த காவடிச் சட்டம் ஆகியவை டங்ஸ்டன் ஊசிக்கு உரியவை.

இரண்டு முறைகளும் வெவ்வேறு தேவையில் பிறந்தவை. சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கார் செல்பெர்க், ரிவெட் அடித்து இணைத்த கப்பல் கொதிகலன்களின் ஒழுக்கை அடைக்க வழி தேடினார். வெறும் இரும்புக் கம்பியால் பற்றவைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகிய உலோகத்தில் கலந்து இணைப்பை நொறுங்கச் செய்தன. கம்பிக்கு மேல் தாதுக்கலவையைப் பூசினால், அது எரிந்து வாயுத்திரையாகவும் கசடாகவும் மாறி உலோகத்தை மூடிக் காக்கும் என்று கண்டார். 1904இல் அவர் தொடங்கிய ஈசாப் நிறுவனம் இன்றும் வெல்டிங் பொருள்கள் செய்கிறது. டிக் முறை, அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் 1941 வாக்கில் ரஸ்ஸல் மெரிடித் உருவாக்கியது. விமானத்துக்கான மெக்னீசியம் எளிதில் தீப்பற்றும் உலோகம். அதன்மேல் ஹீலியத்தைப் போர்த்தி, 3422 பாகை வரை உருகாத டங்ஸ்டன் முனையில் வில்லை ஏந்தினார். பின்னாளில் ஹீலியத்தின் இடத்தை மலிவான ஆர்கன் பிடித்தது.

பழைய எந்திரம் என்பது செம்புச் சுருளும் இரும்புக் கருவும் கொண்ட மின்மாற்றி. அதை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். இன்வெர்ட்டர் அதே வேலையைச் சுற்றிவளைத்துச் செய்கிறது. வரும் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி விட்டு, அந்த வேகமான துடிப்பைச் சிறு மின்மாற்றிக்குள் செலுத்துகிறது. அலைவு வேகம் கூடினால் மின்மாற்றியின் கரு சிறுத்தாலும் போதும். பெட்டி தோளில் மாட்டிக்கொண்டு போகும் அளவுக்குச் சுருங்கியது இதனால்தான். அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. உள்ளே இருக்கும் மின்னணுப் பலகைக்குத் தூசியும் ஈரமும் ஆகாது. கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் தூளை எந்திரத்தின் விசிறி உள்ளே இழுத்துப் பலகையில் படியவைத்தால் ஒருநாள் குறுக்கோட்டம் நிகழும். கிரைண்டர் வேலையையும் எந்திரத்தையும் தள்ளித் தள்ளி வைப்பதே எந்திரத்தின் ஆயுளுக்கு நல்லது.

எந்திரம் வாங்கியவர்கள் முதலில் மோதிக்கொள்வது மின் இணைப்பில். மலேசிய வீடுகளின் சதுர முனைப் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. எந்திரத்தின் முகப்பில் 200 என்று எழுதியிருந்தாலும் அந்தப் பிளக் அவ்வளவுக்குத் தாங்காது. கணக்கு எளிது. 80 ஆம்பியரில் குச்சி எரியும்போது வில்லின் அழுத்தம் சுமார் 23 வோல்ட். ஆக வில்லுக்குப் போவது 1850 வாட். எந்திரத்தின் இழப்பையும் மலிவான இன்வெர்ட்டர்களின் குறைந்த திறன்காரணியையும் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது 13 ஆம்பியரைத் தொட்டுவிடும். அதற்கு மேல் போனால் பிளக் சூடேறி உருகும் அல்லது ஃபியூஸ் போகும். முழுத்திறனில் வேலை செய்ய 32 ஆம்பியர் தொழிற்சாலைச் சாக்கெட்டும் அதற்குத் தனி வயரும் வேண்டும். அதைப் போடுவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் தடித்ததாக இருக்கட்டும். சுருட்டி வைத்த ரீலிலிருந்து பாதியை மட்டும் உருவி வேலை செய்வது கெட்ட பழக்கம். உள்ளே சுருண்டிருக்கும் வயர் தன் சூட்டிலேயே வெந்துவிடும்.

எந்திரத்தின் பின்புறத் தகட்டில் இன்னொரு எண் இருக்கும்: 200 ஆம்பியர், 60 விழுக்காடு என்பதைப் போல. பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிக்கலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும் என்பது இதன் பொருள். சூட்டு விளக்கு எரிந்து எந்திரம் நின்றால் சுவிட்சை அணைத்துவிடக் கூடாது. விசிறி ஓடினால்தான் உள்ளே ஆறும்.

குச்சி வெல்டிங்கிலிருந்து தொடங்குவது முறை. எந்திரத்தின் முகப்பில் சொருகித் திருகும் இரண்டு துளைகள் உண்டு: பிளஸ், மைனஸ். ஒன்றில் குச்சியைப் பிடிக்கும் ஹோல்டர், மற்றதில் வேலைப்பொருளைக் கவ்வும் எர்த் கிளாம்ப். நேர்மின்வில்லில் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிளஸ் பக்கம் சேரும் என்பது பாடநூல்களின் பொதுக் கணக்கு. குச்சி உருகத்தான் இருக்கிறது என்பதால் அதைப் பிளஸில் செருகலாம். 7018 வகைக் குச்சிக்கு அதுவே முறை. 6013 இரு பக்கமும் எரியும். மெல்லிய தகடாக இருந்தால் மைனஸில் வைப்பார்கள். சொருகியதை இறுகத் திருகாவிட்டால் அந்தத் துளையே கருகும். எர்த் கிளாம்பைப் பெயின்ட் மேலோ துருவின் மேலோ மாட்டுவது பலனற்றது. ஒரு சாண் இடத்தை உலோகம் தெரியும்வரை தேய்த்து மாட்டினால் பாதிச் சிக்கல் அப்போதே தீரும்.

குச்சியின் மேல் அச்சிட்ட எண் ஒரு சுருக்கெழுத்து. 6013 என்பதில் 60, உருவான இணைப்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்கிறது. அடுத்த 1, கீழே, பக்கவாட்டில், தலைக்கு மேலே என எந்த நிலையிலும் பயன்படும் என்பதற்கு. கடைசி இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் பூச்சின் வகையும் அதற்கு ஏற்ற மின்சாரமும் தெரியும். மலேசிய வன்பொருள் கடைகளில் பெயர்போன ஜப்பானிய ஆர்பி-26 குச்சி இந்த 6013 வகைதான். 2.6 மில்லிமீட்டர் குச்சிக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.2க்கு 90 முதல் 130 என்று தொடங்கி, பெட்டியில் உற்பத்தியாளர் தந்த அட்டவணையைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

செண்டாயான் போன்ற புழுக்கமான இடத்தில் குச்சிக்கு எதிரி ஈரம். பிற்பகல் மழையும் எப்போதும் நனைந்த காற்றும் பூச்சுக்குள் நுழைந்துவிடும். 6013 ஓரளவு பொறுக்கும். 7018 பொறுக்காது. அந்த ஈரம் வில்லில் பிரிந்து ஹைட்ரஜனாகி எஃகுக்குள் புகும். இணைப்பு ஆறிச் சில மணிநேரம் கழித்துக்கூட, யாரும் பார்க்காதபோது, ஓரத்தில் விரிசல் விடும். டிராக்டர் கொக்கியிலோ பாரம் தூக்கும் வளையத்திலோ அப்படி விட்டால் ஆள் சாகலாம். அதனால் திறந்து கிடந்த 7018 குச்சிகளை 300 முதல் 350 பாகையில் ஒரு மணிநேரம் சுட்டு, பிறகு சூடான பெட்டியிலேயே வைத்து எடுக்க வேண்டும். மதியம் வெயிலில் காயவைப்பது அதற்கு ஈடாகாது.

வில்லை எழுப்புவது தீக்குச்சி உரசுவது போன்றது. குச்சியின் நுனியை மணிக்கட்டின் அசைவில் உரசி, ஒளி தெரிந்ததும் சற்றே தூக்க வேண்டும். பயந்து மெதுவாக வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கையை ஒரு முறுக்கு முறுக்கினால் விடும். விடாவிட்டால் ஹோல்டரிலிருந்து குச்சியைக் கழற்றலாம். எந்திரத்தில் 'ஹாட் ஸ்டார்ட்' என்ற குமிழ், தொடங்கும் கணத்தில் மட்டும் ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கிறது. 'ஆர்க் ஃபோர்ஸ்' என்பது குச்சி மிக நெருங்கும்போது ஓட்டத்தைப் பெருக்கி ஒட்டாமல் காக்கிறது. புதிதாகக் கற்பவருக்கு இவ்விரண்டும் பெரிய உதவி.

வில்லின் நீளம் குச்சியின் உள்கம்பித் தடிப்பு அளவே இருக்க வேண்டும். இதைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் கற்றுக்கொள்ளும். நீளம் சரியாக இருந்தால் வாணலியில் வடை வேகும் சீரான ஓசை. குச்சி விலகிப்போனால் கடுகு வெடிப்பது போலத் தெறிக்கும், உலோகத் துளிகளும் நாலாபக்கமும் சிதறும். குச்சி எரிந்து குறையக் குறையக் கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். கண் பார்க்க வேண்டியது கூசும் வில்லை அல்ல, அதன் பின்னே மின்னும் உருகிய குளத்தை. குளத்தின் இரு கரைகளும் இரண்டு துண்டுகளையும் தொட்டு நனைத்துக்கொண்டு போனால் இணைப்பு நல்லது. குச்சியைச் செல்லும் திசைப்பக்கம் 10, 15 பாகை சாய்த்து இழுத்தபடி போனால் கசடு பின்னால் தங்கும். முந்தினால் கசடு உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆறியபின் சிப்பிங் சுத்தியால் தட்டினால் 6013இன் கசடு ஓடு போல உரிந்து வரும். அடியில் மீன்செதில் அடுக்கு தெரிந்தால் சரி. புடைத்து எழும்பி ஓரத்தில் ஒட்டாமல் நின்றால் ஆம்பியர் போதவில்லை. ஓரங்களில் பள்ளம் அரித்திருந்தால் ஆம்பியர் கூடிவிட்டது அல்லது வில் நீண்டுவிட்டது.

ஒரு வரிசையின் மேல் இன்னொன்று போடும்போது கசடை முழுக்கத் துடைக்காமல் விடுவதுதான் பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு. மேலே அழகாகவும் உள்ளே பொத்தலாகவும் இருக்கும் இணைப்புகளில் பல அந்த அவசரத்தால் வந்தவை.

டிக் வெல்டிங்குக்கு மாறும்போது முதல் வேலை இரண்டு வயரையும் இடம் மாற்றுவது. இப்போது ஊசியைப் பிடிக்கும் டார்ச் மைனஸில், எர்த் கிளாம்ப் பிளஸில். பெருவெப்பம் வேலைப்பொருளுக்குப் போக வேண்டும், ஊசி தப்ப வேண்டும். மறந்துபோய்ப் பிளஸிலேயே டார்ச்சை விட்டால், கூராகத் தீட்டிய டங்ஸ்டன் சில நொடியில் உருண்டு குமிழாகி, துளி துளியாகக் குளத்தில் விழும். குச்சி வேலை முடித்த கையோடு ஆர்கன் வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

அடுத்தது வாயு. பூச்சு இல்லாததால் உலோகத்தைக் காப்பது ஆர்கன் ஒன்றுதான். அது நாம் சுவாசிக்கும் காற்றிலேயே ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. எதனோடும் வினைபுரியாது, காற்றைவிடக் கனமானது. 150 பார் அழுத்தத்தில் நிரம்பிய 47 லிட்டர் சிலிண்டரில் ஏறத்தாழ 7000 லிட்டர் வாயு உண்டு. நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் விட்டால் பதினான்கு மணிநேரத்துக்கும் மேல் வில் எரியும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டியபின் மூடியைக் கழற்றி, வால்வை ஒரு கணம் திறந்து தூசியை ஊதித் தள்ளிய பிறகே ரெகுலேட்டரை மாட்டுவது வழக்கம். வாயுவைக் கூட்டினால் நல்லது என்ற எண்ணம் தவறு. அளவுக்கு மீறினால் ஓட்டம் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும்.

புழுக்கத்தில் வேலை செய்பவருக்குப் பக்கத்தில் சுழலும் விசிறி இந்த முறைக்குப் பகை. அது ஆளைக் குளிர்விக்கும், வாயுப் போர்வையையும் கலைக்கும். இணைப்பு முழுக்கப் பொடித்துளை விழும். விசிறியை முதுகுப்பக்கமாகத் திருப்பி, வேலைக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு பலகையைத் தடுப்பாக நிறுத்தினால் இரண்டும் நடக்கும். தோட்டத்துத் திறந்தவெளியில் குச்சியே கைகொடுக்கும் என்பதற்குக் காரணமும் இதுதான்.

டங்ஸ்டன் ஊசிகளுக்கு நுனி நிறம் அடையாளம். சிவப்பு நுனி தோரியம் கலந்தது. நீண்டகாலம் அதுவே புகழ்பெற்றிருந்தது. ஆனால் தோரியம் கதிர்வீச்சுப் பொருள், தீட்டும்போது எழும் தூளை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. லாந்தனம் கலந்த தங்கநிற அல்லது நீலநிற ஊசி அதற்கு நல்ல மாற்று. 2.4 மில்லிமீட்டர் ஊசியைத் தீட்டும்போது கூம்பின் நீளம் தடிப்பைப்போல இரு மடங்குக்குச் சற்று மேல் இருக்கட்டும். தீட்டிய கோடுகள் ஊசியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வில் அலையும். ஊசி தீட்டும் கல்லில் வேறு உலோகத்தைத் தீட்டக் கூடாது. ஊசி டார்ச் நுனியின் கப்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருந்தால் போதும்.

எந்திரத்தின் அமைப்பு முறையைப் பொறுத்து வில் மூன்று வழிகளில் பிறக்கும். உரசித் தொடங்குவது பழைய வழி, ஊசி அழுக்காகும். 'லிஃப்ட்' முறையில் ஊசியைத் தொட்டுத் தூக்கினால், எந்திரம் முதலில் சிறு ஓட்டம் விட்டு, தூக்கியதும் பெருக்கும். உயர் அலைவெண் முறையில் தொடவே வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் பொறி தாவும். மெல்லிய எஃகுக்குத் தடிப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது தொடங்க ஏற்ற அளவு.

இனி இரு கைக்கும் வேலை. வலக்கையில் டார்ச்சைச் சற்றே பின்சாய்த்துப் பிடித்து, ஊசிக்கும் உலோகத்துக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் விட்டு நிறுத்தினால், சில நொடியில் கண்ணாடி போன்ற குளம் உருவாகும். குளம் தோன்றியபின்தான் இடக்கையின் கம்பியை அதன் முன்கரையில் தொட்டு எடுக்க வேண்டும்; வில்லில் அல்ல, குளத்தில். தொட்டு, விலக்கி, சற்றே நகர்ந்து, மறுபடி தொட்டு. கம்பியின் சூடான நுனி வாயுப் போர்வையை விட்டு வெளியே வரக் கூடாது. ஊசி குளத்தைத் தொட்டுவிட்டால் நிறுத்தி மறுபடி தீட்டுவதே சரி. தொடர்ந்து ஓட்டினால் வில் கோணலாகும், டங்ஸ்டன் துணுக்கும் இணைப்பில் தங்கிவிடும்.

முடிக்கும்போது டார்ச்சைச் சட்டென்று தூக்குவது பழக்கமில்லாதவரின் அடையாளம். ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, பள்ளத்தைக் கம்பியால் நிரப்பி, வில் அணைந்த பின்னும் பத்து ஆம்பியருக்கு ஒரு நொடி என்ற கணக்கில் வாயுவை விட்டுக்கொண்டே டார்ச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் இது நன்றாகவே தெரியும்: போதிய வாயு கிடைத்த இணைப்பு வைக்கோல் மஞ்சளாக ஆறும், கிடைக்காதது சாம்பல் கருமையாகிவிடும். கருத்த இடத்தில் குரோமியம் கெட்டுவிடுவதால், போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் போடும் கைப்பிடிகள் முதலில் துருவேறுவது அந்தப் பற்றவைத்த மூட்டுகளில்தான். குழாயின் உட்புறத்துக்கும் ஆர்கன் விட்டுப் பற்றவைத்தால்தான் பின்பக்கம் கருகாமல் இருக்கும். பால், உணவு, மருந்துப் பொருள் ஓடும் குழாய்களுக்கு அது கட்டாயம்.

அலுமினியம் தனிக்கதை. உலோகம் 660 பாகையிலேயே உருகும். அதன் மேல் படிந்த ஆக்சைடு தோலோ 2000 பாகையைத் தாண்டினால்தான் உருகும். ஊசியை மைனஸில் வைத்து நேர்மின்சாரத்தை விட்டால், தோல் கிழியாமல் உள்ளே உலோகம் உருகிப் பை போலத் தொங்கும். மாறுமின்சாரத்தில் ஊசி பிளஸாக இருக்கும் அரைச்சுற்று ஆக்சைடைத் தூக்கி எறிகிறது, மைனஸாக இருக்கும் அரைச்சுற்று உலோகத்தை உருக்குகிறது. மாறுமின்சாரம் தராத எந்திரத்தால் அலுமினியத்தை இப்படிப் பற்றவைக்க முடியாது. மலிவான 'இரண்டும் ஒன்றாக' எந்திரங்களில் பல நேர்மின்சாரம் மட்டுமே தருபவை. அலுமினியச் சட்டம் செய்ய நினைப்பவர்கள் வாங்குமுன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆபத்துகள் இரு முறைக்கும் பொது. வில்லின் புற ஊதாக்கதிர் கண்ணில் பட்டால் அப்போது தெரியாது. இரவில் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல எரியும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதே கதிதான், ஆகவே திரை கட்டுவது அவசியம். நூறு ஆம்பியர் வாக்கில் 10ஆம் எண் கண்ணாடி பொருந்தும். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்தியது. துத்தநாகம் பூசிய குழாயைத் தேய்க்காமல் பற்றவைத்தால் அன்று மாலையே குளிர்காய்ச்சல் வரலாம். குளோரின் கலந்த பிரேக் துடைப்பான் தெளித்த இடத்தில் வில் எழுப்பினால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உருவாகலாம். ஆர்கனுக்கு நிறமோ மணமோ இல்லை. ஆலைத் தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் அடியில் தேங்கி ஆளைச் சத்தமின்றி மயக்கும். வியர்வையில் நனைந்த கையுறை மின்சாரத்தைக் கடத்தும். சுமையில்லாதபோது குச்சிமுனையில் 60 முதல் 80 வோல்ட் நிற்கிறது, ஈர உடம்புக்கு அது போதும். ஆகவே இரண்டு ஜோடிக் கையுறை வைத்துக்கொண்டு, நனைந்ததைக் காயப்போட்டு மாற்றிக்கொள்வது செலவல்ல.

வேலை முடிந்ததும் செய்ய வேண்டியவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. முதலில் சிலிண்டர் வால்வை மூடி, டார்ச் பொத்தானை அழுத்திக் குழாயில் மிஞ்சிய வாயுவை வெளியேற்றி, ரெகுலேட்டரின் முள் சுழியத்துக்கு இறங்குவதைப் பார்க்க வேண்டும். அதன்பின் அதன் குமிழைத் தளர்த்தலாம். ஹோல்டரில் எஞ்சிய குச்சித் துண்டைக் கழற்றிவிட வேண்டும். விசிறி ஓடி எந்திரம் ஆறிய பிறகு சுவிட்சை அணைத்து, இடிமழைக் காலமாக இருந்தால் பிளக்கையும் உருவி வைப்பது நல்லது. பொறி தெறித்த இடத்தை அரை மணிநேரமாவது கண்காணிக்க வேண்டும். மரத்தூளிலும் சாக்கிலும் விழுந்த பொறி பற்றி எரிய அவ்வளவு நேரம் எடுக்கும்.